பீம் மேல் சும்மா கிடக்கும் தூசி

சர்க்கரை வெடிக்கும் என்று சொன்னால் எடுத்தவுடனே யாரும் நம்புவதில்லை. பெட்ரோல் வெடிக்கும், கேஸ் சிலிண்டர் வெடிக்கும், பட்டாசு மருந்து வெடிக்கும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். காபியில் போடுகிற சர்க்கரை எப்படி வெடிக்கும்? ஆனால் 2008 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ஏழேகால் மணிக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரத்தை ஒட்டிய போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில், இம்பீரியல் சுகர் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்துச் சிதறியது. 14 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். எட்டுப் பேர் அந்த இடத்திலேயே, மற்ற ஆறு பேர் தீக்காய மருத்துவமனையில் ஒருவர் பின் ஒருவராக. 36 பேருக்குப் பலத்த காயம், அதில் சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தீராத பாதிப்பு. அங்கே எரிவாயுக் குழாய் எதுவும் உடையவில்லை, வெடிமருந்து எதுவும் இல்லை. வெடித்தது சர்க்கரைத் தூள்தான்.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை விசாரித்து 2009இல் அறிக்கை வெளியிட்டது. மாவு, பவுடர், தூள் என்று எதைக் கையாளும் ஆலையில் வேலை செய்பவராக இருந்தாலும், அல்லது அப்படி ஒரு ஆலையை நடத்துபவராக இருந்தாலும், அதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி விபத்துகளில் மெஷினுக்குள் நடக்கும் முதல் வெடிப்பு பெரும்பாலும் சின்னது. கட்டடத்தை இடித்துத் தள்ளி ஆட்களைக் கொல்வது அதற்கு அடுத்து வருவது. அதற்கான எரிபொருள், தரையிலும் பீம்களிலும் குழாய்களின் மேலும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படிந்து கிடந்த தூசி. யாரும் அதைத் தொடாததால் அது பாட்டுக்குக் கிடந்தது. "நம்ம தொழில்னா தூசி இருக்கத்தானே செய்யும்" என்று எல்லாரும் பழகிப்போன தூசி.

முதலில், இது ஏன் வெடிக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு மரக்கட்டையின் அடியில் தீக்குச்சியைக் காட்டினால் கட்டை கருகும், அவ்வளவுதான். அதையே மெல்லிய சிராயாகச் சீவினால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அரத்தால் ராவித் தூளாக்கிக் காற்றில் தூவிவிட்டு நெருப்பைக் காட்டினால் ஒரே வீச்சில் ஜுவாலையாகப் போய்விடும். பொருள் அதேதான், காற்று படும் பரப்புதான் ஆயிரக்கணக்கான மடங்கு கூடிவிட்டது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அது எரியத் தேவையான ஆக்சிஜன் தயாராக நிற்பதால், ஒரு துகள் எரிந்த சூட்டில் அடுத்தது, அதன் சூட்டில் அதற்கடுத்தது என்று நொடியில் ஒரு சின்னப் பங்குக்குள் மொத்த மேகமும் எரிந்து முடிந்துவிடும். திறந்த வெளியில் என்றால் பெரிய தீப்பந்து, அதோடு சரி. மூடிய பெட்டிக்குள், குழாய்க்குள், அறைக்குள் என்றால் சூடான வாயு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். நன்றாக மூடிய கலனுக்குள் இந்த அழுத்தம் 7 முதல் 10 பார் வரை போகலாம் (நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு பார்). சாதாரணச் செங்கல் சுவர் தாங்குவதோ 0.1 பார் அளவுக்குக்கூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அந்தச் சர்க்கரை ஆலையின் நான்கு மாடிக் கட்டடத்தில் கான்கிரீட் தளங்கள் எப்படி அட்டை மாதிரி தூக்கி எறியப்பட்டன என்பது புரிந்துவிடும். (நெருப்புக்கு எரிபொருள், காற்று, பொறி என்று மூன்று போதும் என்று பள்ளியில் படித்திருப்போம், தூசி வெடிக்க இந்த மூன்றோடு, தூசி காற்றில் கலந்து மிதப்பதும், அது மூடிய இடமாக இருப்பதும் சேர்ந்து ஐந்தும் வேண்டும்.)

எதெல்லாம் வெடிக்கும் என்று கேட்டால், எரியக்கூடிய எதுவும் போதிய அளவு பொடியாக இருந்தால் வெடிக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நல்லது. கோதுமை மாவு, சோள மாவு, மரவள்ளி ஸ்டார்ச், பால் பவுடர், மசாலாத் தூள், மரத்தூள், நிலக்கரி, பிளாஸ்டிக் பவுடர், ரெசின், மாத்திரை செய்யும் மூலப்பொருள்கள், அலுமினியம், மெக்னீசியம், டைட்டானியம், நம்ப மாட்டீர்கள், இரும்புத் தூள்கூட. டென்னசியில் கல்லட்டின் என்ற ஊரில் இரும்புத் தூள் செய்யும் ஆலையில் 2011 ஜனவரியில் பறந்த தூள் பற்றி இரண்டு பேர் இறந்தார்கள். மணல், சிமெண்ட், உப்பு, சுண்ணாம்புக்கல் தூள் இவையெல்லாம் எரியாதவை, அதனால் வெடிக்காது. நிலக்கரிச் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் தூளை வேண்டுமென்றே சுவரிலும் தரையிலும் தூவி வைப்பார்கள். வெடிப்பு ஏற்பட்டால் கரித்தூசியோடு அதுவும் எழும்பிச் சூட்டை உறிஞ்சித் தீ பரவாமல் தடுக்கும். இந்த ஏற்பாடெல்லாம் சும்மா வந்ததில்லை. பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1906இல் 1,099 பேர், நம் நாட்டில் டோரி சுரங்கத்தில் 1965இல் 268 பேர் என்று உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மாவு வெடிப்பைப் பற்றிய பதிவு இன்னும் பழசு. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பையன் மாவைக் கிளறித் தள்ளிக்கொண்டிருந்தபோது குவியல் சரிந்து மாவு பறந்து வெடித்தது. மொரோசோ என்ற பிரபு அதை விசாரித்து எழுதி வைத்தார். இருநூறு வருஷத்துக்கு மேலாக நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது, யாருக்கும் தெரியாத மர்மம் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் "எதிர்பாராத விபத்து" என்று செய்தி வரும்போது கோபம் வருகிறது.

சரி, எவ்வளவு தூசி பறந்தால் ஆபத்து? பெரும்பாலான தூள்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் முதல் நூறு கிராம் வரை இருந்தால் வெடிக்கும் நிலை வந்துவிடும். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் என்ற அளவில் தூசி மிதந்தால் இரண்டு மீட்டர் தள்ளி எரியும் 25 வாட் பல்புகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் யாரும் நின்று மூச்சுவிட்டு வேலை செய்ய முடியாது. அப்படியானால் தினமும் அந்த அளவுக்குத் தூசி எங்கே இருக்கிறது? மெஷின்களுக்குள்ளே. தூசியை உறிஞ்சிச் சேர்க்கும் டஸ்ட் கலெக்டர், தூளை வாளி வாளியாக மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டர், தூளைச் சேமிக்கும் உயரமான தொட்டியான சைலோ, அரைக்கும் மில், டிரையர், மூடிய கன்வேயர், இவற்றுக்குள் அந்த அளவு சர்வசாதாரணம். அதனால்தான் முதல் வெடிப்பு பெரும்பாலும் ஏதாவது ஒரு மெஷினுக்குள் தொடங்குகிறது.

இங்கேதான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். வெளியே காற்று தெளிவாக இருக்கிறது, கண்ணுக்குத் தூசி தெரியவில்லை, படிந்திருப்பதும் மெல்லிய படலம்தானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள ஒரு மாவு, தரையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு அது அரைக் கிலோ. ஐந்து மீட்டர் உயரமுள்ள ஹாலில் அந்த அரைக் கிலோவும் எழும்பிப் பரவினால் கன மீட்டருக்கு 100 கிராம். வெடிப்பதற்கு அது போதும். முழு உயரத்துக்கும் பரவ வேண்டும் என்றுகூட இல்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்பினாலே அங்கே 500 கிராம் ஆகிவிடுகிறது. கிடக்கிற தூசியை எழுப்பிவிட யார் வருவார்கள்? மெஷினுக்குள் நடந்த முதல் வெடிப்பின் காற்றுத்தள்ளல்தான் வந்து எழுப்பும், பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றவைக்கும், அந்த வெடிப்பு அடுத்த அறையின் தூசியை எழுப்பும். இப்படியே அறை அறையாக, மாடி மாடியாக.

போர்ட் வென்ட்வொர்த்தில் நடந்தது அச்சு அசலாக இதுதான். 1917இல் தொடங்கிய ஆலை அது. மூன்று பெரிய சர்க்கரை சைலோக்கள், அவற்றை ஒட்டி நான்கு மாடி பேக்கிங் கட்டடங்கள். சைலோக்களுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை மாதிரியான நீண்ட இடம், அதில் ஸ்டீல் பெல்ட் கன்வேயர் ஒன்று சர்க்கரையை எடுத்துப் போகும். அந்த கன்வேயர் பல வருஷங்களாகத் திறந்தபடிதான் ஓடியது. திறந்திருந்ததால் தூசி எழும்பினாலும் அந்தப் பெரிய இடத்தில் பரவிக் கரைந்துவிடும், வெடிக்கும் அளவுக்குச் சேராது. 2007இல், உணவுப்பொருளில் அழுக்கோ வேறு ஏதாவதோ விழுந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், கன்வேயரைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளால் மூடிவிட்டார்கள். உள்ளே சேரும் தூசியை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்யவில்லை. வெடித்தால் அழுத்தம் வெளியேற வழியும் வைக்கவில்லை. சுத்தத்துக்காகச் செய்த அந்த மாற்றத்தால், அதுவரை ஆபத்தில்லாமல் இருந்த ஓர் இடம் தூசி மேகம் தங்கும் மூடிய பெட்டியாகிவிட்டது. மாற்றத்துக்கு முன்னால் யாராவது உட்கார்ந்து "இதை மூடினால் உள்ளே என்ன ஆகும்?" என்று ஒரு மணி நேரம் யோசித்திருந்தால் போதும். எனக்கு இந்த அறிக்கையில் மனசை மிகவும் உறுத்திய இடம் இதுதான்.

அன்றைக்கு சைலோவின் வாயில் சர்க்கரைக் கட்டிகள் அடைத்துக்கொண்டன, பெல்ட்டில் வந்துகொண்டிருந்த சர்க்கரை அங்கே தடைபட்டு வழிந்து விழுந்தது, மூடிய தகடுகளுக்குள் தூசி மேகம் சேர்ந்தது. பொறி எங்கிருந்து வந்தது என்றால், அதிகம் சூடேறிய ஒரு பேரிங்காக இருக்க வேண்டும் என்று விசாரணை சொல்கிறது. பேரிங்! ஆலையில் நூற்றுக்கணக்கில் இருக்கும் சாதாரணப் பொருள். முதல் வெடிப்பு கன்வேயருக்குள். அது தகடுகளைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து பேக்கிங் கட்டடங்களுக்குள் புகுந்தது. அங்கே தரையிலும் மெஷின்கள் மேலும் சர்க்கரையும் தூசியும் குவிந்து கிடந்தன, சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு. ஒன்றன் பின் ஒன்றாக வெடிப்புகள் ஓடின, மூன்று அங்குலக் கான்கிரீட் தளங்கள் பெயர்ந்து எழும்பின, படிக்கட்டுகள் அடைபட்டன, விளக்குகள் அணைந்தன. இருட்டில், புகையில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அவசர காலத்தில் எப்படி வெளியேறுவது என்ற ஒத்திகை அங்கே நடத்தப்படவில்லை.

கம்பெனிக்குத் தெரியாதா என்றால், தெரியும். சர்க்கரைத் தூசி வெடிக்கும் என்ற கவலையைக் காட்டும் உள் கடிதங்கள் 1961 தேதியிட்டவைகூட விசாரணையில் கிடைத்தன. சின்னச் சின்னத் தீ அவ்வப்போது பற்றி அணைந்திருக்கிறது. பெரிய வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னால்கூட ஒரு டஸ்ட் கலெக்டரில் சின்ன வெடிப்பு நடந்து, வென்ட் வழியாக அழுத்தம் வெளியேறியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போன ஒவ்வொரு தடவையும், "இது இப்படித்தான், பெரிசா ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கைதான் கூடியது. மெஷின்களைச் சுத்தம் செய்யக் கம்ப்ரசர் காற்றால் ஊதினார்கள். ஊதுவதால் தூசி போவதில்லை, மெஷின் மேலிருந்து பீம் மேலுக்கு இடம் மாறுகிறது, அதிலும் மிக நுண்ணிய, மிக ஆபத்தான பங்குதான் உயரத்துக்குப் போய் உட்காருகிறது.

இந்த "கண்ணுக்குத் தெரியாத உயரம்" என்பதற்கு இன்னும் கொடுமையான உதாரணம் வட கரோலினாவின் கின்ஸ்டன். 2003 ஜனவரி 29, மருத்துவத்துக்கான ரப்பர் பொருட்கள் செய்யும் வெஸ்ட் ஃபார்மசூட்டிகல் ஆலை. மருத்துவப் பொருள் என்பதால் வேலை நடக்கும் இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். ஆள் போட்டுத் தொடர்ந்து சுத்தம் நடந்தது. ரப்பர் ஒட்டாமல் இருக்கப் பூசும் பாலிஎத்திலீன் பவுடர் காய்ந்ததும் நுண்தூசியாகப் பறந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போய்ப் படிந்தது. கீழே நிற்பவர் யார் கண்ணுக்கும் அது படாது. சீலிங்குக்கு மேலே போய்ப் பராமரிப்பு வேலை செய்த சிலர் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது வெடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறு பேர் செத்தார்கள், 38 பேருக்குக் காயம். அடுத்த மாதமே கென்டக்கியில் கோர்பின் என்ற ஊரில், ஒலித்தடுப்புப் பொருட்கள் செய்யும் ஆலையில் ஏழு பேர். அங்கே அடுப்பின் கதவு திறந்திருந்தது, பக்கத்தில் சுத்தம் செய்தவர்கள் கிளப்பிய ரெசின் தூசி அதில் பட்டுப் பற்றிக்கொண்டது. சுத்தம் செய்யும் வேலையே கொலையாகிவிட்டது, செய்த முறையும் நேரமும் தப்பாக இருந்ததால்.

2003இல் நடந்த இந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி எடுத்தது. 1980 முதல் 2005 வரை அமெரிக்காவில் மட்டும் 281 தூசித் தீ, வெடிப்பு விபத்துகள், 119 சாவு, 718 காயம். இதற்கென்று தனிச் சட்டவிதி கொண்டுவாருங்கள் என்று 2006 நவம்பரில் தொழிலாளர் பாதுகாப்புத் துறையிடம் சொன்னது. விதி வரவில்லை. பதினைந்து மாதம் கழித்து போர்ட் வென்ட்வொர்த் வெடித்தது. அதன் பிறகு 2009இல் விதி எழுதும் வேலையைத் தொடங்கினார்கள், இழுத்து இழுத்து 2017இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். விதி போட்டால் பலன் இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் தானியக் கிடங்குகளில் அது நடந்து காட்டிய விஷயம். 1977 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் லூசியானாவின் வெஸ்ட்வேகோவில் 36 பேர், டெக்சஸின் கால்வெஸ்டனில் 20 பேர் தானியத் தூசி வெடித்துச் செத்தபிறகு, 1987 கடைசியில் தானியக் கிடங்குகளுக்கு மட்டும் விதி வந்தது. எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் தூசி சேரவிடக் கூடாது என்பது வரை அதில் எழுதியிருக்கிறது. அதன் பிறகு அந்தத் தொழிலில் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. சர்க்கரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் அதே மாதிரி ஒன்று இருந்திருக்கலாம்.

உலோகத் தூசி இன்னும் மோசம். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் குன்ஷான் நகரம், 2014 ஆகஸ்ட் 2, காலை ஏழரை மணி வாக்கில். கார் சக்கரங்களுக்கான அலுமினியத்தைப் பாலிஷ் போடும் பட்டறை. ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, ஆட்கள் நெருக்கமாக நின்று வேலை செய்தார்கள். டஸ்ட் கலெக்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை. தூள் சேரும் டப்பா துருப்பிடித்து ஓட்டையாகி, ஈரம் உள்ளே போய், ஈரமான அலுமினியத் தூள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டது. வெடிப்பு குழாய் வழியாகவே பின்னோக்கிப் பாய்ந்து ஒவ்வொரு மேடைக்கும் போய்ச் சேர்ந்தது. தூசியை உறிஞ்சுவதற்காகத் தொழிலாளியின் முகத்துக்கு நேராக வைத்த அதே குழாய்கள் தீயைக் கொண்டுவந்தன. கடைசிக் கணக்கில் 146 உயிர்கள். இதைப் படிக்கும்போது, டஸ்ட் கலெக்டர் மாட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் முதலாளிகள் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் பக்கம் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவிலேயே, வெடிக்கக்கூடிய தூசி உண்டாகும் இடத்தில் மெஷினை நன்றாக மூட வேண்டும், தூசி சேரவிடாமல் அகற்ற வேண்டும், தீப்பொறிக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும், அழுத்தத்தைத் தாங்காத மெஷினுக்கு வென்ட் மாதிரியான ஏற்பாடு வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நாலு வரியில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் செய்யும் ஆலை வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாத்திரைகளில் சேர்க்கும் வெள்ளைப் பவுடர் அது, மரக்கூழிலிருந்து எடுப்பது. விசாரணை, வழக்கு எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். உலர்ந்த அந்தப் பவுடர் காற்றில் மிதந்தால் வெடிக்கும் தன்மை கொண்டது என்பதில் சந்தேகமே இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள், ஈரோட்டு மஞ்சள் அரைக்கும் மில்கள், கோவையில் அலுமினிய வார்ப்புகளைத் தேய்க்கும் பட்டறைகள், பவுடர் கோட்டிங் கடைகள், பிளைவுட் மில்கள், எல்லா இடத்திலும் இதே இயற்பியல்தான். நான் பார்த்த ஒரு மில்லில் கேபிள் ட்ரேயின் மேல் விரல் வைத்தால் முதல் கணு வரை உள்ளே போனது. கீழே தரையைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

சரி, என்ன செய்வது? முதலில், நம்மிடம் இருக்கும் தூள் எப்படிப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் எவ்வளவு செறிவில் வெடிக்கும், எவ்வளவு சின்னப் பொறிக்குப் பற்றும், எவ்வளவு வேகமாக அழுத்தம் ஏறும் என்று எண்களாகக் கொடுத்துவிடுவார்கள். விற்பவர் கொடுத்த பாதுகாப்புத் தாளை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் வாங்கும்போது குருணையாக இருப்பது நம் மெஷினில் உரசி உரசி நுண்தூளாகிவிடும்; சாக்கில் இருக்கும் சர்க்கரைப் பரல் வெடிக்காது, அதிலிருந்து உதிரும் தூசி வெடிக்கும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 652ஆம் தரவிதி, ஒவ்வொரு ஆலையும் தூசி ஆபத்து ஆய்வு ஒன்றைச் செய்து எழுதி வைக்க வேண்டும் என்று 2015இல் கொண்டுவந்தது. இங்கே யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தூள் இறங்கும் இடத்திலிருந்து பேக்கிங் வரை ஒவ்வொரு மெஷினாக நடந்து, "இதற்குள் மேகம் இருக்குமா, பொறி வருமா, வெடித்தால் எங்கே போகும்" என்று கேட்டுக்கொண்டே போவதற்குப் பெரிய செலவு ஆகாது.

அடுத்தது தூசியை வெளியே விடாமல் இருப்பது. கசியும் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையம்), கிழிந்த கேன்வாஸ் இணைப்பு, மூடாத ஆய்வுக் கதவு, இவற்றைச் சரிசெய்வதுதான் உண்மையான சுத்தம். கசிவை அப்படியே விட்டுவிட்டு எத்தனை பேரை வைத்துப் பெருக்கினாலும் தீராது. அதையும் மீறிப் படிவதை எடுக்க வேண்டும். எவ்வளவு வரை விடலாம் என்பதற்கு நெடுநாளாகப் புழங்கும் ஒரு அளவு உண்டு: 0.8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட காகித கிளிப்பின் கம்பித் தடிமன், அதுவும் தரைப்பரப்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது. அந்தக் கணக்கில் பீம்கள், குழாய்கள், டக்ட்டுகளின் மேற்பரப்பும் சேரும். நடைமுறையில், அடியில் இருக்கும் பெயிண்ட்டின் நிறம் தெரியவில்லை என்றால் சுத்தம் செய்ய நேரமாகிவிட்டது. மேலிருந்து கீழாக, வேக்குவம் வைத்து, அதுவும் எரியும் தூசிக்கென்றே செய்த வேக்குவமாக இருக்க வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரின் மோட்டார் பொறியே போதும் உள்ளே பற்றவைக்க. கம்ப்ரசர் ஊதலைத் தடை செய்துவிட வேண்டும். தவிர்க்கவே முடியாத மூலை முடுக்கென்றால் வேக்குவம் போட்டு முடித்தபிறகு, குறைந்த அழுத்தத்தில், மெஷினும் சூடான பொருட்களும் அணைந்திருக்கும்போது மட்டும். புதுக் கட்டடம் கட்டுபவர்கள் பீம் மேல் சரிவாகத் தகடு போட்டுவிட்டால் தூசி உட்காரவே இடம் கிடைக்காது, ஃபால்ஸ் சீலிங்கைத் தவிர்த்துவிட்டால் கின்ஸ்டன் மாதிரி மறைவிடமும் இருக்காது.

பொறிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது, ஒன்றை அடைத்தால் இன்னொன்று வரும். வெல்டிங், கட்டிங் வேலைக்கு எழுத்துமூல அனுமதி, வேலைக்கு முன்னால் சுற்றிலும் சுத்தம், முடிந்தபின் ஒரு ஆள் நின்று கண்காணிப்பது. பேரிங் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார், பெல்ட் ஒருபக்கம் சாய்ந்தால் நிறுத்தும் சுவிட்ச். தூளோடு ஆணி, நட்டு உள்ளே போகாமல் காந்தம். எல்லா உலோகப் பாகங்களும் ஒன்றோடொன்று இணைத்து எர்த் செய்யப்பட்டிருப்பது. சில நுண்தூள்களுக்கு மனித உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தின் பொறியே போதும். தூசி மூடிய மோட்டாரும் பேனல் போர்டும் சூடு வெளியேற வழியில்லாமல் மெல்லப் புகையத் தொடங்கும், அது இரவு ஷிப்டில் யார் கண்ணிலும் படாது.

ஆகவே வெடிப்பு நடக்கும் என்று வைத்துக்கொண்டே மெஷினை அமைக்க வேண்டும். டஸ்ட் கலெக்டரை முடிந்தவரை கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, குறிப்பிட்ட அழுத்தத்தில் கிழிந்து திறக்கும் வென்ட் தகடு வைத்து, அது ஆட்கள் நடமாடாத பக்கம் பார்த்திருக்கச் செய்ய வேண்டும். நம் ஊரில் பலர் விட்டுவிடுவது அதற்கடுத்தது: கலெக்டரில் வெடித்தது குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் ஃபிளாப் வால்வு, ரோட்டரி வால்வு, அல்லது நொடிக்குள் ரசாயனத்தைத் தெளித்து அடைக்கும் ஏற்பாடு. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விஸ்கான்சினில் கேம்பிரியா ஊரின் டிடியன் சோள மில்லைப் பார்க்கலாம். 2017 மே 31, இரவு ஷிப்டில் 19 பேர். புகை வாசனை வந்தது, எங்கிருந்து என்று தேடிப்போனார்கள், தேடிக்கொண்டிருந்தபோதே அரைக்கும் மெஷினில் தொடங்கி, குழாய்களால் இணைந்திருந்த மெஷின் மெஷினாக வெடிப்பு ஓடியது. ஐந்து பேர் இறந்தார்கள், மீதிப் பதினான்கு பேருக்கும் காயம்.

தேடிப்போனது நல்ல தொழிலாளி செய்கிற காரியம்தான்; அவர்களுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கப்படவில்லை. மெஷினுக்குள்ளிருந்து புகை வாசனை வந்தால் கதவைத் திறந்து பார்க்காதே, திறந்தால் காற்று போகும், தூசி எழும்பும். லைனை நிறுத்து, எல்லாரையும் வெளியே கூப்பிடு, பிறகு தீயணைப்புக்குச் சொல். இதைப் புதிதாக வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவருக்குப் புரிகிற மொழியில், இந்தியோ ஒடியாவோ எதுவானாலும், சொல்லிக்கொடுத்து நடத்திக்காட்ட வேண்டும். படிந்த தூசியில் பிடித்த தீ மேல் குழாயை நேராக வைத்துத் தண்ணீர் பீய்ச்சினால் அந்த வேகமே தூசியைக் கிளப்பிவிடும், அதனால் மெல்லிய தூறலாகத்தான் அடிக்க வேண்டும். எரிகிற அலுமினியம், மெக்னீசியம் மேல் தண்ணீரே படக்கூடாது, ஹைட்ரஜன் வரும், அதற்குக் காய்ந்த மணலோ உலோகத் தீக்கென்று இருக்கும் பவுடரோதான். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்து ஆட்களை ஒருநாள் ஆலைக்குக் கூப்பிட்டு, எந்த சைலோவில் என்ன பவுடர், எதன் மேல் தண்ணீர் படக்கூடாது, எந்த வென்ட் எந்தப் பக்கம் திறக்கும் என்று நேரில் காட்டி, ஒரு வரைபடத்தையும் அவர்கள் கையில் கொடுத்து அனுப்பலாம்.